வொர்செஸ்டர் பீங்கானில் கொள்ளுத்தாத்தாவின் கைவேலை: எந்தச் சேவை எதுவரை உதவும்?

பழைய பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால் ஆலையின் முத்திரை இருக்கும். அதைச் செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. குடும்பத்தின் ஒரு கிளை இங்கிலாந்தில் இருந்து, அதில் யாரோ ஒருவர் வொர்செஸ்டர் பீங்கான் ஆலையில் வேலை பார்த்தார் என்ற பேச்சும் இருந்தால், அவர் கைபட்ட ஒரு பொருளையாவது வாங்கிவிட ஆசை வருவது இயல்பு. இணையத்தில் ‘ராயல் வொர்செஸ்டர்’ என்று தேடினால் கோப்பையும் சாடியும் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். அதில் அவருடையது எது? இங்கே ஒவ்வொரு சேவையையும் எடைபோட்டிருப்பது அந்தக் கேள்வியை வைத்துத்தான்: ஆலையின் பெயரைத் தாண்டி ஆளின் பெயர்வரை அது கொண்டுபோய் விடுமா?

பிரிட்டனின் பழைய பீங்கான் ஆலைகளில் இப்படித் தேடுவதற்கு வொர்செஸ்டர் தோதானது. 1751இல் தொடங்கிய ஆலை 2009வரை ஓடியது. சுமார் 1900 முதல் ஓவியர்கள் தாங்கள் தீட்டிய படத்தில் கையெழுத்திட அனுமதி கிடைத்தது. ஆலை இருந்த செவர்ன் தெருவிலேயே அதற்கென்று தனி அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. பிராண்டின் பெயர் 2009இல் போர்ட்மெய்ரியன் நிறுவனத்திடம் போய்விட்டது. பழைய ஆவணங்கள் இருப்பது அருங்காட்சியகத்தில் என்பதால் பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதல் வேலை: அவர் என்ன வேலை செய்தார்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பைசா செலவு செய்யாதீர்கள். விடை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைக்கும். 1881 கணக்கெடுப்பின் பெயர்ப்பட்டியலை ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மூலத் தாள்களின் படத்தைப் பார்க்க பெரும்பாலும் ஃபைண்ட்மைபாஸ்ட் அல்லது ஆன்செஸ்ட்ரி சந்தா வேண்டும். 1921 கணக்கெடுப்பைத் தவறவிடாதீர்கள். தொழிலோடு முதலாளியின் பெயரையும் வேலை செய்த இடத்தையும் கேட்ட படிவம் அது. அதற்கு அடுத்த 1931 ஏடுகள் 1942இல் தீயில் போய்விட்டன. 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளிக்கு, போர் தொடங்கியதும் எடுத்த 1939 மக்கள் பதிவேடு ஒன்றுதான் துணை.

தொழில் பத்தியில் வரும் சொல்தான் உங்கள் தேடலின் எல்லையைச் சொல்லும். ‘சைனா பெயின்டர்’, அதாவது பீங்கானில் படம் தீட்டியவர் என்றிருந்தால் அதிர்ஷ்டம். அவர் பெயரோடு ஒரு பொருள் கிடைக்க வழி இருக்கிறது. ‘கில்டர்’ என்றால் தங்கக் கோடு தீட்டியவர். அடியில் சின்னக் குறியோ எண்ணோ விட்டிருக்கலாம், அதை ஓர் ஆளோடு பொருத்துவது கடினம். ‘பர்னிஷர்’ வேலையைச் செய்தது பெரும்பாலும் பெண்கள். சூளையிலிருந்து மங்கலாக வரும் தங்கத்தை அகேட் கல்லாலும் ரத்தக்கல்லாலும் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை அது. ஆலையின் பளபளப்பே அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் ஒரு பாத்திரத்திலும் அவர்கள் பெயர் இல்லை. சூளையில் சரக்கு அடுக்கியவர், சக்கரத்தில் வனைந்தவர், கடைந்தவர் எல்லோருக்கும் இதே கதைதான். இவர்களுடைய வாரிசுகள் ‘அவர் செய்த கோப்பை’ என்று தேடாமல், அவர் வேலை பார்த்த ஆண்டுகளில் அந்த ஆலையிலிருந்து வந்த நல்ல கோப்பை ஒன்றைத் தேடுவதுதான் நேர்மையான இலக்கு. ‘உங்கள் பாட்டி செய்தது இதுதான்’ என்று உறுதியளித்து எவராவது விற்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

அச்சு வடிவம் செய்த மாடலர்கள் நடுவில் வருவார்கள். 1880களின் உருவச் சிலைகளில் ஜேம்ஸ் ஹாட்லியின் பெயர் களிமண்ணிலேயே பதிந்திருக்கும். அது மூல வடிவம் அவருடையது என்று மட்டுமே சொல்லும். அச்சில் வார்த்தவரும் வண்ணம் இட்டவரும் வேறு ஆட்கள். ஜார்ஜ் ஓவன் தனி ரகம். சுடாத ஈரக் களிமண்ணில் தேன்கூடு போலத் துளைகளை ஒவ்வொன்றாகக் கையால் வெட்டியவர். தொழில்முறையை மற்றவர் கண்ணில் படவிடாதவர். அவர் பெயர் அடியில் கீறப்பட்டிருந்தால் அது அவர் கையே. விலையும் அப்படித்தான் இருக்கும்.

ராயல் வொர்செஸ்டர் அருங்காட்சியகம்

ஆளின் பெயரை வைத்துத் தேடுபவர்களுக்கு இதற்கு இணையான இடம் வேறு இல்லை. அவர்கள் இணையதளத்தில் முத்திரைகள், ஆலைகள், கலைஞர்கள் பற்றிய பக்கங்கள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் படித்து முடித்துவிட்டு, பிறகு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘என் கொள்ளுத்தாத்தா அங்கே வேலை செய்தார், விவரம் தரவும்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் பயனில்லை. முழுப்பெயர், பிறந்த ஆண்டு, கணக்கெடுப்பில் உள்ள தொழில் சொல், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்ற உத்தேசம், வீட்டில் பொருள் ஏதாவது இருந்தால் அதன் அடிப்பக்கப் படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.

குறை என்று பார்த்தால், கையெழுத்திட்ட ஓவியர்களைப் பற்றித் தெரிவது ஏராளம்; மற்ற தொழிலாளர்களைப் பற்றித் தெரிவது கொஞ்சம். ஆலையே அப்படித்தான் தன்னைப் பதிவு செய்துகொண்டது. இன்னொன்று, விலை மதிப்பீட்டை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அது ஏலக்காரர் வேலை.

நேரில் போகிறவர்கள் அதே ஊரில் உள்ள தி ஹைவ் கட்டடத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 2012இல் திறந்த பொது நூலகமும் மாவட்ட ஆவணக் காப்பகமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தேவாலயப் பதிவேடு, உள்ளூர் முகவரிப் புத்தகம் எல்லாம் அங்கே. வர முடியாதவர்களுக்கு பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ் சந்தா ஒரு மாதத்துக்கு எடுத்தால் போதும். பெயரோடு ‘போர்சலின் ஒர்க்ஸ்’ என்ற தொடரைச் சேர்த்துத் தேடுங்கள். இரங்கல் குறிப்பு, ஓய்வு பெற்ற செய்தி, ஆலையின் கிரிக்கெட் அணிப் பட்டியல் போன்ற இடங்களில் சாதாரணத் தொழிலாளியின் பெயர் தலைகாட்டும்.

‘ராயல்’ மட்டும் வொர்செஸ்டர் இல்லை

தேடுபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரே ஊரில் பல ஆலைகள் இருந்தன; ஓவியர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். கிரெய்ஞ்சர் ஆலையை ராயல் வொர்செஸ்டர் 1889இல் வாங்கினாலும் அது 1902வரை தன் இடத்திலேயே, தன் முத்திரையோடே நடந்தது. ஹாட்லி 1896இல் தனியாகத் தொடங்கிய நிறுவனம் 1905இல் ராயல் வொர்செஸ்டரில் சேர்ந்தது. கிரெய்ஞ்சரில் இருந்த எட்வர்ட் லாக் ஷ்ரப் ஹில் பகுதியில் சொந்த ஆலை போட்டார். பின்னோக்கிப் போனால் சேம்பர்லேன் ஆலை வரும். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குச் சின்னம் பொறித்த விருந்துச் செட்டை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யச் சொன்னது அவர்களிடம்தான்.

எனவே 1895இல் வேலையில் இருந்தவரை ராயல் வொர்செஸ்டர் என்ற சொல்லில் மட்டும் தேடினால் பாதி உலகம் விட்டுப்போகும். கிரெய்ஞ்சர், ஹாட்லி, லாக் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். ராயல் வொர்செஸ்டர் முத்திரையின் கீழே வடிவ எண்ணுக்கு முன்னால் ‘ஜி’ எழுத்து இருந்தால் அது கிரெய்ஞ்சரிடமிருந்து வந்த வடிவம்.

ஆண்டைக் கண்டுபிடிக்கும் புள்ளிக் கணக்கு

ராயல் வொர்செஸ்டர் முத்திரையில் ஒரு வட்டம், அதற்குள் பின்னிய நான்கு ‘டபிள்யூ’ எழுத்துகள், நடுவில் 51 என்ற எண், மேலே கிரீடம். அந்த 51 பொருளின் வயதோ எண்ணோ கிடையாது. ஆலை தொடங்கிய 1751ஐக் குறிப்பது. ‘1851இல் செய்தது’ என்று விளம்பரம் போடும் விற்பனையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

1891இல் வட்டத்தைச் சுற்றி ‘ராயல் வொர்செஸ்டர் இங்கிலாந்து’ என்ற சொற்கள் சேர்ந்தன. 1892இல் ஒரு புள்ளி. அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. முதலில் கிரீடத்தின் இரு பக்கமும், பிறகு முத்திரையின் கீழேயும். மொத்தப் புள்ளிகளை எண்ணி 1891உடன் கூட்டினால் ஆண்டு வந்துவிடும். 17 புள்ளி என்றால் 1908. 1915இல் 24 புள்ளி ஆனபின் இடமில்லாமல் போய், 1916இல் ஒரு நட்சத்திரம் போட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். நட்சத்திரமும் 11 புள்ளியும் இருந்தால் 1927. 1928க்குச் சின்னச் சதுரம், 1929க்குச் சாய்சதுரம், 1930க்கு வகுத்தல் குறி, 1931க்குப் பின்னிய இரண்டு வளையம், 1932க்கு மூன்று வளையம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இல்லாமல் இந்த எண்ணிக்கையில் இறங்காதீர்கள். மெருகில் உள்ள ஊசித்துளை புள்ளி போலத் தெரியும். நிஜப் புள்ளி முத்திரையின் அதே நிறத்தில் இருக்கும், துளை கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். விற்பனையாளர் ஒட்டிய விலைச்சீட்டு கீழ்வரிசைப் புள்ளிகளை மறைத்துவிடும். ஒரு புள்ளி தவறினால் ஓராண்டு பிசகும், அது பரவாயில்லை. கீழ்வரிசை முழுவதும் விட்டுப்போனால், ஓவியர் ஆலையில் சேர்வதற்கு முந்தைய ஆண்டைக் காட்டி, உண்மையான பொருளையே போலி என்று நினைக்க வைக்கும்.

‘ஆர்டி நம்பர்’ என்ற பதிவு எண்ணை ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கிய வரிசை அது. 1900இன் தொடக்கத்தில் மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. வடிவத்தை முதலில் பதிவு செய்த காலத்தைத்தான் சொல்லும். அதே வடிவத்தை இருபது வருஷம் கழித்தும் வார்த்திருப்பார்கள்.

கையெழுத்து: ஸ்டின்டன் குடும்பம் ஒரு பாடம்

ஒரே பெயரில் பல தலைமுறை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டின்டன் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. மூத்த ஜான் ஸ்டின்டன் கிரெய்ஞ்சரில் நிலக்காட்சிகள் தீட்டியவர். அவர் மகன் இன்னொரு ஜான் (1854–1956), ஸ்காட்லாந்து மலைமாடுகளுக்குப் பெயர்போனவர். இளைய ஜானின் தம்பி ஜேம்ஸ் (1870–1961) காட்டுக்கோழி, ஃபெசன்ட் பறவைகள். இளைய ஜானின் மகன் ஹாரி (1883–1968) அப்பாவைப் போலவே மலைமாடு. ‘ஜே. ஸ்டின்டன்’ என்ற கையெழுத்தைப் பார்த்து ஜேம்ஸா ஜானா என்று எப்படிச் சொல்வது? படத்தைப் பாருங்கள்: பறவை என்றால் ஜேம்ஸ், மாடு என்றால் ஜான். அப்பா மகன் மாடுகளைப் பிரிப்பது வண்ணம். ஜானிடம் இலையுதிர்காலப் பழுப்பும் மஞ்சளும் மேலோங்கும். ஹாரியின் மலைகளில் ஊதாவும் இளஞ்சிவப்பும் அடர்ந்து நிற்கும்.

கையெழுத்து பெரும்பாலும் ஓவியத்தின் கீழ் ஓரத்தில், புல்லுக்குள்ளோ பாறை நிழலுக்குள்ளோ இருக்கும். அதே வண்ணத்தின் சற்று அடர்ந்த சாயலில் எழுதியிருப்பதால் நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பும். பொருளைச் சாய்த்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். 1900க்கு முந்தைய பொருள்களில் முழுப்பெயர் இருந்தால் மகிழ்வதற்கு முன்னால் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்துக்கு இலைக்கடியில் ஒளித்த முதலெழுத்து பொருந்தும்.

சந்தா கட்டியவர்கள் பலர் கவனிக்காத ஒரு வசதி: 1911 கணக்கெடுப்புப் படிவத்தைக் குடும்பத் தலைவரே தன் கைப்பட நிரப்பினார், அந்தத் தாளின் படம் இணையத்தில் கிடைக்கிறது. உங்கள் மூதாதையர் குடும்பத் தலைவராக இருந்திருந்தால் அதில் உள்ள பெரிய எழுத்துகளின் சுழிப்பைப் பூச்சாடியின் கையெழுத்தோடு ஒப்பிடலாம். தூரிகையும் பேனாவும் வேறு வேறு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஒரே பெயரில் இருவர் இருக்கும் சிக்கலில் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

18ஆம் நூற்றாண்டின் நீல வெள்ளைப் பாத்திரங்களில் ஓவியர் குறிகள் என்று சின்னக் கோடுகளும் வடிவங்களும் உண்டு. அவற்றைப் பெயருள்ள ஆளோடு உறுதியாக இணைக்க முடியவில்லை. அந்தக் காலத்து மூதாதையரைத் தேடுபவர்கள் ஆலையோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்தால் அந்தக் காலச் சோப்புக்கல் பீங்கானில் வெளிச்சம் லேசான பச்சையாகக் கசியும். பிற்காலத்து ‘போன் சைனா’ என்ற எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானில் வெண்மையாகவோ பாலேட்டு நிறத்திலோ வரும். அந்தப் பச்சையை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

ஏலப் பட்டியல்கள்

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல இலவசப் பள்ளி கிடையாது. பான்ஹம்ஸ், கிறிஸ்டீஸ், சோதபீஸ் தளங்களில் பழைய விற்பனைகள் படத்தோடும் விலையோடும் திறந்தே இருக்கின்றன. ஓவியரின் பெயரைப் போட்டு, அவர் பாணியில் கிடைக்கும் படங்களை எல்லாம் ஒரு கோப்புறையில் ஆண்டுவாரியாகச் சேருங்கள். போலியான ஒன்று எதிரே வந்தால் கண்ணே சொல்லிவிடும்.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் போதாது. ஓவியர் பால்ட்வின் பெயரை ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தோடும் ‘ஒய்’ எழுத்தோடும் போட்டிருப்பார்கள். இன்னொரு ஓவியரான செப்ரைட்டின் பெயர் நடுவே ஒரு ‘ஏ’ நுழைந்திருக்கும். தவறான எழுத்துக்கூட்டலில் கிடக்கும் பொருள்தான் மலிவாகவும் போகும்.

விலையைப் படிக்கும்போது ஏலத்தில் கடைசியாகக் கேட்ட சுத்தியல் விலையும் நீங்கள் கட்டும் விலையும் வேறு என்பதை மறக்காதீர்கள். ஏல நிறுவனம் வசூலிக்கும் வாங்குபவர் கட்டணம் பல இடங்களில் 20 முதல் 30 சதவீதம், அதன்மேல் வரி. நல்ல ஸ்டின்டன் சில நூறு பவுண்டிலிருந்து சில ஆயிரம் பவுண்டுவரை போகும்.

ரீப்ளேஸ்மென்ட்ஸ் நிறுவனம்

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1981இல் தொடங்கிய இந்த நிறுவனத்திடம் ஒரு கோடிக்கும் மேல் பாத்திரங்கள் கையிருப்பில் இருக்கின்றன. படம் அனுப்பினால் டிசைன் பெயரைக் காசில்லாமல் கண்டுபிடித்துத் தருவார்கள். அந்த வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் யார் தீட்டியது என்ற கேள்வி அவர்கள் வேலைக்கு வெளியே. உடைந்துபோன குடும்பச் செட்டை நிரப்ப ஐந்து நட்சத்திரம் தரலாம். மூதாதையரைத் தேட ஒன்றுகூடத் தர முடியாது.

விதிவிலக்கு, 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வேலை பார்த்தவர்கள். 1961இல் வந்த ஈவ்ஷம் கோல்ட் பழப்படச் செட்தான் அந்தக் காலத் தொழிலாளர் பலரின் கையில் புழங்கியது. பழங்கள் அச்சுப்படம். ஆனால் அதே செட் இங்கிலாந்தின் தரும நிதிக் கடைகளில் சில பவுண்டுக்குக் கிடைக்கும்போது கடல் கடந்து வாங்குவதில் அர்த்தமில்லை.

இணையச் சந்தையில் வாங்கும்போது

ஈபேயில் தேடலைச் சேமித்து வைத்தால் புதிய பொருள் வந்ததும் அறிவிப்பு வரும். அதுவரை நல்ல சேவை. பொருள் உண்மையா என்பது உங்கள் பாடு. விற்பவரிடம் இவ்வளவு படமாவது கேளுங்கள்: முன்புறம், பின்புறம், அடிப்பக்கம் முழுவதும், முத்திரை மட்டும் நெருக்கத்தில், கையெழுத்து நெருக்கத்தில், கைப்பிடி ஒட்டும் இடம், மூடி இருந்தால் அதன் குமிழ். குமிழ்தான் முதலில் உடையும். அதில்தான் ஒட்டுவேலை அதிகம்.

மறுவண்ணம் பூசிய போலிகள் தனி ஆபத்து. உண்மையான வெள்ளைப் பாத்திரத்தில், அல்லது எளிய அச்சுப்பூ இருந்ததைச் சுரண்டிவிட்டு, பிற்பாடு மாடோ பழமோ தீட்டிக் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். முத்திரை அசல், ஓவியம் பொய். பழைய பீங்கானைத் திரும்பவும் சூளையில் வைத்தால் பல நேரம் மெருகில் சின்னக் கறுப்புப் புள்ளிகள் பொங்கி நிற்கும், குறிப்பாக அடிவளையத்தை ஒட்டி. அதைத் தேடுங்கள். புள்ளிக் கணக்கு சொல்லும் ஆண்டில் ஓவியர் எத்தனை வயதில் இருந்தார் என்றும் கணக்குப் போடுங்கள். 1885இல் பிறந்த ஓவியர் ஹாரி டேவிஸின் பெயர் ஐந்து புள்ளி முத்திரைமேல் இருந்தால், பதினோரு வயதுப் பையன் தீட்டியது என்று ஆகிவிடும்!

பழுது பார்த்ததைக் கண்டுபிடிக்க அல்ட்ரா வயலட் டார்ச் போதும்: இருட்டறையில் பூச்சுள்ள இடம் சுற்றுப்பரப்பிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். உள்ளங்கையில் வைத்து விரல் நகத்தால் லேசாகத் தட்டினால் முழுப் பாத்திரம் மணியாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மந்தமாகக் கேட்கும். விரிசலால் சந்தையில் விலை குறைந்தாலும் குடும்பத்துக்காக வாங்குபவர் விரிசலைப் பெரிதுபடுத்த வேண்டாம். கையெழுத்துள்ள ஓவியம் நன்றாக இருந்து கைப்பிடி ஒட்டியிருந்தால், அது பேரம் பேசக் கிடைத்த காரணம்.

அனுப்புவது

பல ஏல நிறுவனங்கள் பொட்டலம் கட்டித் தருவதில்லை. வெளி ஆளை நீங்களே அமர்த்த வேண்டும். பல கூரியர் காப்பீடுகளில் பீங்கான் விலக்கப்பட்ட பொருள். பணம் கட்டும் முன் விதியைப் படியுங்கள். பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை. மூடியைத் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள், பாத்திரத்தின் மேலேயே வைத்து டேப் போட்டால் இரண்டும் போகும். பொருளைத் தொடும் முதல் சுற்று அமிலமில்லாத மெல்லிய தாளாக இருக்கட்டும். செல்லோடேப் தங்கத்தில் ஒட்டினால் உரிக்கும்போது தங்கமும் சேர்ந்து வந்துவிடும். வந்த பெட்டியைப் பிரிக்கும் முன்னும் பிரிக்கும்போதும் படம் எடுத்து வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.